வீடு நகரவில்லை, எல்லை நகர்ந்தது: அப்பலாச்சிய மலைக்குடும்பங்களின் வரலாற்றைப் படிக்கும் முறை

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வேரூன்றிய குடும்பங்களின் வம்சாவளியைப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும் ஒரு குழப்பம் நேரும். ஒரே மனிதர் 1769-இல் அகஸ்டா கவுண்டியிலும், 1771-இல் பாட்டடாட் கவுண்டியிலும், 1774-இல் ஃபின்காசில் கவுண்டியிலும், 1780-இல் வாஷிங்டன் கவுண்டியிலும், 1788-இல் ரஸ்ஸல் கவுண்டியிலும் வாழ்ந்ததாக ஆவணங்கள் சொல்லும். இருபது ஆண்டுகளுக்குள் ஐந்து கவுண்டிகள், அதாவது நம் மாவட்டத்தைப் போன்ற ஐந்து உள்ளாட்சிப் பிரிவுகள். இதைக் கண்டவர்கள், தங்கள் முன்னோர் ஓரிடத்திலும் நிலைகொள்ளாமல் மேற்கு நோக்கி நடந்துகொண்டே இருந்தவர்கள் என்று குடும்பக் கதை எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அந்த மனிதர் கிளிஞ்ச் ஆற்றங்கரையில் காசில்வுட் என்னும் இடத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரே வீட்டில், ஒரே சோளக்கொல்லையை உழுதபடி அந்த இருபது ஆண்டுகளையும் கழித்திருக்கலாம். அவர் ஓரடியும் நகரவில்லை. அவரைச் சுற்றியிருந்த கவுண்டியின் எல்லைதான் நான்கு முறை மாறியது.

இந்தப் பகுதியின் உள்ளூர் வரலாற்றைப் பற்றிப் பேசுவோர் பலர். அதன் ஆவணங்கள் எப்படி உருவாயின என்று கேட்போர் சிலரே. அதனால் எல்லை மாற்றத்தைப் புலப்பெயர்வு என்றும், நிலப் பட்டயத்தின் தேதியைக் குடியேறிய நாள் என்றும், ஒரே பெயருடைய இருவரைத் தந்தையும் மகனும் என்றும் நம்பிவிடுகிறோம். வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த ஆவணங்கள் பிறந்த முறையை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைப்புறம் என்ற சொல்

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வர்ஜீனியாவின் கிழக்குச் சமவெளியில் வாழ்ந்த அரசு அலுவலர்களுக்கு அப்பலாச்சிய மலைத்தொடர் ஒரு விளிம்பு. அதற்கு அப்பால் நியூ ஆறு, ஹோல்ஸ்டன், கிளிஞ்ச், பவல் ஆகிய ஆறுகளின் பள்ளத்தாக்குகள் இருந்தன. அரசின் நீதிமன்றமும் வரி வசூலும் எட்டுவதற்கு முன்பே குடியேறிகள் போய்ச் சேர்ந்துவிட்ட நிலம் என்பதே இங்கு எல்லைப்புறம் என்னும் சொல்லின் பொருள். ஆளற்ற நிலம் என்று அதைப் புரிந்துகொள்வது பெரும் பிழை. தெற்கே செரோகி என்னும் பூர்வகுடி மக்களின் ஊர்கள் இருந்தன. வடக்கே ஒஹாயோ ஆற்றுக்கு அப்பாலிருந்து ஷானி மக்கள் இந்தப் பள்ளத்தாக்குகளை வேட்டைக் காடாகப் பயன்படுத்தினர்.

1763 அக்டோபர் 7 அன்று பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வெளியிட்ட பிரகடனம், மலைத்தொடரின் முகட்டுக்கு மேற்கே குடியேறுவதைத் தடை செய்தது. தடை இருந்தும் குடியேற்றம் நிற்கவில்லை. 1768-இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையிலும் ஹார்டு லேபரிலும், 1770-இல் லோகேபரிலும் செய்த உடன்படிக்கைகளால் கோடு மேற்கே தள்ளப்பட்டது. 1775-இல் சிகமோர் ஷோல்ஸ் என்ற இடத்தில் ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற தனியார் செரோகித் தலைவர்களிடம் பெருநிலம் வாங்கியபோது, டிராகிங் கனூ என்ற இளந்தலைவர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். ஒரு குடும்பத்தின் முதல் நிலப் பத்திரத்தைக் கையில் எடுக்கும்போது, அதற்கு முன்னால் இப்படி ஓர் உடன்படிக்கையும், பல நேரம் அதை மீறிய குடியேற்றமும் நின்றன என்பதை நினைவில் வைத்தால்தான் அந்தப் பத்திரத்தின் தேதிக்கே பொருள் விளங்கும்.

தாய் கவுண்டியும் பிள்ளைக் கவுண்டிகளும்

தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாவட்டத்தின் பெயரும், தந்தையின் சான்றிதழில் வேறொரு மாவட்டத்தின் பெயரும் இருக்கும். இருவரும் படித்ததோ ஒரே ஊர்ப் பள்ளியாக இருக்கும். மாவட்டம் பிரிக்கப்பட்டதை அறிந்த நாம் குழம்புவதில்லை. அப்பலாச்சியப் பகுதியில் நடந்ததும் இதுவே. ஆனால் அங்கு பிரிவினை மிக வேகமாக நடந்தது.

கவுண்டி என்பது தனக்கென நீதிமன்றமும், பத்திரப் பதிவேடும், வரிப் பட்டியலும் கொண்ட உள்ளாட்சிப் பிரிவு. வர்ஜீனியா 1738-இல் அகஸ்டா கவுண்டியை உருவாக்கியது; அதன் நீதிமன்றம் 1745-இல் செயல்படத் தொடங்கியது. காகிதத்தில் அதன் மேற்கெல்லை மிசிசிப்பி ஆறு வரை நீண்டது. காசில்வுட்டில் வாழ்ந்த ஒருவர் ஒரு பத்திரத்தைப் பதிய வேண்டுமானால், அகஸ்டாவின் தலைநகரான ஸ்டான்டனுக்கு 200 மைலுக்கும் மேல் மலைப்பாதையில் பயணிக்க வேண்டும். நீதிமன்றத்தை மக்களுக்கு அருகே கொண்டுவரும் தேவைதான் கவுண்டிகளைத் தொடர்ந்து பிரிக்கச் செய்தது. 1770-இல் பாட்டடாட், 1772-இல் அதிலிருந்து ஃபின்காசில் பிரிந்தன. 1776-இன் முடிவில் ஃபின்காசில் கலைக்கப்பட்டு மாண்ட்கோமரி, வாஷிங்டன், கென்டக்கி என மூன்றாயிற்று. 1786-இல் வாஷிங்டனிலிருந்து ரஸ்ஸல் வந்தது. அதன்பின் லீ, டாஸ்வெல், ஸ்காட், வைஸ் என்று பிரிவினை தொடர்ந்து, 1880-இல் டிக்கன்சன் கவுண்டியோடு நின்றது. பிரிந்த நாளில் வயலில் நின்ற உழவருக்கு எதுவும் மாறியிருக்காது. அடுத்த வரிச்சீட்டில்தான் புதிய பெயரைப் பார்த்திருப்பார்.

நிலப் பத்திரங்களில் தாய்ப்பத்திரம் என்று சொல்வதைப் போலவே, எந்தக் கவுண்டியிலிருந்து இன்னொன்று பிரிந்ததோ அதைத் தாய் கவுண்டி என்று அழைக்கலாம். ஆய்வாளர் மறக்கக்கூடாத விதி ஒன்று உண்டு: பிரிவினைக்கு முன் எழுதிய பதிவேடுகள் தாய் கவுண்டியின் அலுவலகத்திலேயே தங்கிவிடும், புதிய கவுண்டி வெற்றுப் பதிவேட்டோடு தொடங்கும். ஆகவே 1786-க்கு முற்பட்ட பத்திரத்தை ரஸ்ஸலில் தேடிக் காணாமல், முன்னோர் அப்போது இங்கு இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. ஃபின்காசில் கவுண்டி இன்னும் தந்திரமானது. கவுண்டி மறைந்துவிட்டது, அதன் பதிவேடுகள் மாண்ட்கோமரி கவுண்டியின் தலைநகரான கிறிஸ்டியன்ஸ்பர்கில் இருக்கின்றன. ஃபின்காசில் என்ற ஊரோ பாட்டடாட்டின் தலைநகரம். மறைந்த கவுண்டியின் நீதிமன்றம் அங்கு கூடியதே இல்லை. இன்றைய வித் கவுண்டியில் உள்ள ஈயச் சுரங்கத்தில்தான் கூடியது. பெயரை நம்பி ஃபின்காசில் ஊருக்குப் போவோர் எத்தனையோ பேர் என்று எண்ணும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

மாநில எல்லையும் இதே போல் நிலையற்று இருந்தது. வர்ஜீனியாவுக்கும் வட கரோலைனாவுக்கும் இடையிலான கோட்டை 1749-இல் பீட்டர் ஜெஃபர்சனும் ஜோஷுவா ஃப்ரையும் ஓர் எல்லை வரை அளந்து நிறுத்தினர். அதற்கு மேற்கே 1779 வரை எவரும் அளக்கவில்லை. ஹோல்ஸ்டன் ஆற்றுக்கு வடக்கே குடியேறிய பலர் தாங்கள் வர்ஜீனியாவில் இருப்பதாகவே நம்பி, அங்கேயே வழக்காடினர், வரி செலுத்தினர். அளந்த பிறகு அவர்களின் நிலம் வட கரோலைனாவுக்குள் விழுந்தது. 1784 முதல் சில ஆண்டுகள் அதே பகுதி, அங்கீகாரம் பெறாத ஃபிராங்க்ளின் மாநிலத்தின் பகுதியாகவும் இயங்கியது. 1790-இல் தென்மேற்கு ஆட்சிப்பகுதியாயிற்று. 1796-இல் டென்னசி மாநிலமாயிற்று. இவை அனைத்தும் ஒரே தலைமுறை கண்ட மாற்றங்கள்.

சுருங்கச் சொன்னால், ஆவணத்தில் கவுண்டியின் பெயர் மாறியிருந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ஆள் நகர்ந்தாரா எல்லை நகர்ந்ததா என்பதுதான். ஓடை, ஆறு, மலைமுகடு ஆகியவற்றின் பெயர்கள் கவுண்டிப் பெயரைவிட நம்பகமான அடையாளங்கள்.

நிலம் இலவசமாகக் கிடைத்ததா

"எங்கள் முன்னோருக்கு அரசு 400 ஏக்கர் மானியமாகக் கொடுத்தது" என்ற வாக்கியம் குடும்ப வரலாறுகளில் அடிக்கடி வரும். மானியம் என்றதும் நன்றிக்கடனாகத் தந்த கொடை என்ற எண்ணம் தோன்றுகிறது. போர்ப்பணிக்காக நிலம் பெற்றவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலானோர் பெற்ற ஆவணம், நீண்ட ஒரு நடைமுறையின் கடைசிக் காகிதம். அதனால் இக்கட்டுரையில் மானியம் என்ற சொல்லைத் தவிர்த்து, அரசு முதன்முதலாக ஒரு தனியாருக்கு நில உரிமையை வழங்கும் ஆவணத்தைப் பட்டயம் என்றே அழைக்கிறேன்.

நாம் மனை வாங்கும்போது முன்பணம் கொடுக்கிறோம், இடத்தைக் காட்டச் சொல்கிறோம், அளக்கிறோம், பிறகு பத்திரம் எழுதுகிறோம். ஒவ்வொரு படிக்கும் ஒரு தேதி உண்டு. வர்ஜீனியாவின் 1779-ஆம் ஆண்டு நிலச் சட்டமும் இவ்வாறே நான்கு படிகளை வகுத்தது. முதலாவது வாரண்ட், இத்தனை ஏக்கர் எடுத்துக்கொள்ள உரிமை உண்டு என்று கூறும் சீட்டு அது, எந்த இடம் என்று கூறாது. கருவூலத்தில் 100 ஏக்கருக்கு 40 பவுண்டு செலுத்தி அதை வாங்கலாம். இரண்டாவது, வாரண்டை எடுத்துக்கொண்டு போய், இன்ன ஓடையின் கரையில் இன்னார் நிலத்தை ஒட்டி எனக்கு வேண்டும் என்று கவுண்டியின் நில அளவையாளரிடம் எழுதிவைக்கும் கோரிக்கைப் பதிவு. மூன்றாவது அளவை. நான்காவது, ஆளுநரின் கையொப்பத்தோடு வரும் பட்டயம்.

சட்டம் வருவதற்கு முன்பே குடியேறியவர்களுக்கு வேறு வழி இருந்தது. 1778 ஜனவரி 1-க்கு முன் குடியேறி, ஒரு போகம் சோளம் விளைவித்ததையோ ஓராண்டு வசித்ததையோ மெய்ப்பித்தவர்களுக்கு, சிறு கட்டணத்தில் 400 ஏக்கருக்கான சான்றிதழும், அதை ஒட்டிய 1,000 ஏக்கர் வரை விலைக்கு வாங்கும் முன்னுரிமையும் கிடைத்தன. இதற்காக ஆணையர்கள் நேரில் வந்து அமர்ந்து சாட்சிகளைக் கேட்டனர். அந்தச் சான்றிதழ்களில் குடியேறிய ஆண்டு குறிப்பிடப்படுவது உண்டு. 1763 பிரகடனமும் அதன்பின் வந்த அமெரிக்க விடுதலைப் போரும் உரிமை வழங்கலைத் தடுத்து வைத்திருந்ததால், 1769-இல் குடியேறியவருக்கு 1780-களின் நடுவில் பட்டயம் கிடைப்பது அங்கு இயல்பான நிகழ்வு. வாரண்டையோ கோரிக்கைப் பதிவையோ இடையில் இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்துவிடவும் முடியும். அப்படியானால் பட்டயம் பெற்றவர் அந்த மண்ணை மிதித்திராதவராகவும் இருக்கலாம்.

இதற்கும் முன்பு பெருநிறுவனங்களின் காலம் ஒன்று இருந்தது. 1749-இல் லாயல் கம்பெனிக்கு 8,00,000 ஏக்கர் அளந்தெடுக்கும் உரிமை வழங்கப்பட்டது. அதன் முகவரான டாக்டர் தாமஸ் வாக்கர் 1750-இல் கம்பர்லாந்து கணவாயைக் கடந்து பார்த்து வந்தார். பல குடும்பங்கள் இந்த நிறுவனத்தின் அளவையை நம்பிக் குடியேறி, பின்னர் அதற்கு விலை கொடுத்துப் பட்டயம் பெற்றன.

ஆகவே பட்டயத்தின் தேதி, குடும்பம் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த தேதி அன்று. வந்ததற்கான காலவரம்பின் மறுமுனையை மட்டுமே அது காட்டுகிறது. நான்கு படிகளின் நான்கு காகிதங்களையும் தேடுவதே முறை.

மரம், கோல், சங்கிலி

ஒஹாயோ ஆற்றின் வடக்கில் 1785-க்குப் பிறகு நிலத்தை முதலில் சதுரங்களாக அளந்து எண்ணிட்டுவிட்டுப் பிறகே விற்றார்கள். வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி ஆகிய மலைப்பகுதிகளில் வாங்குபவர் நல்ல நிலத்தைத் தானே தேர்ந்தெடுத்து, அதன் விளிம்பைச் சுற்றி நடந்து அளக்கச் செய்தார். ஆற்றோரத்து வண்டலை உள்ளே இழுத்து, பாறைச் சரிவை வெளியே விட்டு, கோணல்மாணலாக அமைந்த துண்டுகள் அவை. இந்த முறைக்கு எல்லைக்குறி அளவை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அளவைக் குறிப்பு, "ஓடைக்கரையில் உள்ள வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து 40 பாகை கிழக்காக 120 கோல் சென்று இரண்டு செஸ்ட்நட் மரங்களை அடைந்து" என்ற பாணியில் தொடர்ந்து, கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பும். கோல் என்பது 16.5 அடி. நான்கு கோல் நீளமுள்ள 66 அடி இரும்புச் சங்கிலியை எட்மண்ட் குண்டர் 1620-இல் வகுத்தார். அதில் 100 கண்ணிகள் உண்டு. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். தமிழ்நாட்டு நில அளவைக்கும் இதே சங்கிலிதான் வந்தது. நாம் சொல்லும் ஒரு சென்ட் என்பது இதன் 1,000 சதுரக் கண்ணி.

எல்லை மரங்களில் கோடரியால் பட்டையைச் செதுக்கிக் குறியிட்டார்கள். மரம் வீழ்ந்தால் எல்லையும் வெறும் வாய்ச்சொல்லாகிவிடும். அமெரிக்க செஸ்ட்நட் மரத்தைத் தாக்கிய பூஞ்சை நோய் 1904-இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்டு, சில பத்தாண்டுகளில் மலைத்தொடர் முழுவதும் அம்மரங்களை அழித்தது. அவற்றோடு அளவைக் குறிப்புகள் சுட்டிய எண்ணற்ற மூலைகளும் போயின. மலைச்சரிவில் சங்கிலியைக் கிடைமட்டமாகப் பிடிப்பது கடினம் என்பதால் நீளத்தில் பிழை நேர்ந்தது. திசைகாட்டி முள் காட்டும் வடக்கு, உண்மை வடக்கிலிருந்து ஆண்டுக்காண்டு சற்று விலகிச் செல்வதால் கோணமும் மாறியது.

இந்தக் குறைகளுக்கு மேல் ஒரு பெருங்குறை இருந்தது. அளந்த நிலங்களையெல்லாம் ஒரே வரைபடத்தில் பதியும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே ஒருவர் அளந்த இடத்தின் மேலேயே இன்னொருவரும் அறிந்தோ அறியாமலோ அளந்தார். கென்டக்கியில் இது அளவு மீறியது. கூரையில் ஓடு வேய்ந்தது போல் ஒரு நிலத்தின் மேல் மூன்று நான்கு உரிமைக் கோரிக்கைகள் படிந்து கிடந்தன. காடு திருத்தியவர் ஒருவர், நீதிமன்றத்தில் வென்றவர் வேறொருவர். வழிகாட்டியாகப் புகழ்பெற்ற டேனியல் பூன் கென்டக்கியில் தாம் கோரிய நிலத்தின் பெரும்பகுதியை இத்தகைய குறைபாடுகளால் இழந்தார்.

ஆனால் குடும்ப வரலாறு தேடுவோருக்கு இதே முறை ஒரு கொடையும் வைத்திருக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் அண்டை நிலத்தாரின் பெயரைச் சொல்கிறது. சங்கிலி பிடித்தவர்களின் பெயரையும் பல இடங்களில் சொல்கிறது. சங்கிலி பிடிக்க வெகுதூரத்திலிருந்து ஆள் வருவதில்லை. மகனோ மைத்துனனோ பக்கத்து வீட்டுக்காரரோதான் பிடிப்பார். ஒரு பள்ளத்தாக்கின் பத்துப் பதினைந்து அளவைகளைத் தாளில் வரைந்து, வெட்டி, பொதுவான மூலைகளில் ஒட்டிப் பொருத்தினால், அந்தக் காலத்தின் தெருவே கண்முன் எழும். யார் யாரை மணந்தார்கள் என்பதற்கு விடை பெரும்பாலும் அந்தப் படத்தின் அடுத்த துண்டிலேயே இருக்கும். இந்த வேலைக்கு நிகரான இன்பம் இத்துறையில் வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

லிங்கன் குடும்பத்தின் காகிதங்கள்

இதுவரை சொன்ன அனைத்தையும் ஒரு குடும்பத்தில் பொருத்திப் பார்க்கலாம். குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் பாட்டனார் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். அவர் வர்ஜீனியாவில் லின்வில் ஓடைக்கரையில் வாழ்ந்தார். அவ்விடம் 1778 வரை அகஸ்டா கவுண்டி. பிறகு ராக்கிங்ஹாம் கவுண்டி. 1780-இல் அவர் தம் நிலத்தை விற்றார். மனைவியின் பெயர் பெர்ஷேபா என்பது அந்த விற்பனை ஆவணத்தால் தெரிகிறது. மனைவியின் பெயர் நிலப் பத்திரத்தில் வருவதற்குக் காரணம் உண்டு. கணவன் இறந்தால் அவனது நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது; அதை விதவைப் பங்கு என்போம். அவள் அதை விட்டுக்கொடுப்பதாக, கணவன் உடனில்லாதபோது தனியே கேட்டு எழுதி வாங்கினால்தான் வாங்குபவருக்கு முழு உரிமை. பெண்களின் பெயரைச் சொல்லும் வேறு ஆவணங்கள் அரிதாக இருந்த காலத்தில், இந்த ஒரு வழக்கத்தால் எத்தனையோ பாட்டிமார்களின் பெயர்கள் நமக்கு எஞ்சியிருக்கின்றன.

1780 மார்ச்சில் பாட்டனார் கருவூலத்தில் 160 பவுண்டு செலுத்தி 400 ஏக்கருக்கு வாரண்ட் வாங்கினார். கென்டக்கியில் லாங் ரன் என்ற ஓடையருகே நிலத்தை அளந்ததோ 1785 மே மாதத்தில். ஐந்தாண்டு இடைவெளி. எழுத்தர் அவருடைய பெயரை "லிங்க்ஹார்ன்" என்று எழுதினார். காதில் விழுந்தபடி எழுதும் காலம் அது. எழுத்து மாறியதால் ஆளும் வேறு என்று கொள்ளக்கூடாது. சங்கிலி பிடித்தவர்களில் லிங்கன் குடும்பத்தாரும் இருந்தனர்.

1786 மே மாதத்தில் வயலில் வேலை செய்துகொண்டிருந்த அவர், பூர்வகுடியினர் தாக்குதலில் கொல்லப்பட்டார். அவருக்கு மார்டகாய், ஜோசையா, தாமஸ் என மூன்று மகன்கள். உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்ற பழைய விதியை வர்ஜீனியா 1785-இல் நீக்கியிருந்தது. ஆனால் நீக்கம் நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1 அன்று. இடையில் நிகழ்ந்த மரணத்தால் நிலம் மார்டகாய்க்குப் போயிற்று. இளையவர் தாமஸ் நிலமின்றிக் கூலிக்கும் தச்சுக்கும் உழைத்து வளர்ந்தார். இந்த விதியை அறிந்தவர், 1787-க்கு முன் இறந்த ஒருவரின் நிலத்தைப் பின்னாளில் ஒரே ஆள் தனியாக விற்பதைப் பார்த்தால் அவர் மூத்த மகனாக இருக்கலாம் என்று ஊகிப்பார்; அதற்குப் பின் இறந்தவரின் நிலத்தைப் பலர் சேர்ந்து விற்றால், பிள்ளைகளும் மருமக்களும் அடங்கிய முழுப் பட்டியலே கிடைத்ததாக மகிழ்வார்.

தாமஸ் லிங்கன் 1803-இல் மில் ஓடைக்கரையில் 238 ஏக்கர் வாங்கினார். விற்கும்போது உரிமைக் குறைபாட்டால் அது 200 ஏக்கராகிவிட்டது. பிறகு அவர் வாங்கிய சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையில்தான் 1809-இல் மகன் ஆபிரகாம் பிறந்தார். அங்கு 1805 அளவையில் மூலைக்குறியாக எழுதப்பட்ட ஒரு வெள்ளை ஓக் மரம் 1976 வரை உயிரோடு நின்றது. அந்தப் பண்ணைக்கும் வழக்கு வந்தது. அடுத்த நாப் ஓடைப் பண்ணையிலிருந்தும் வெளியேறச் சொல்லி வழக்கு வந்தது. 1816-இல் குடும்பம், சதுரமாக அளந்து விற்கப்பட்ட இந்தியானா நிலத்துக்குப் போய்விட்டது. அடிமைமுறை ஓரளவு காரணம், கென்டக்கியின் நில உரிமைச் சிக்கலே முதன்மைக் காரணம் என்று மகன் 1860-இல் எழுதினார். புலப்பெயர்வுக்குக் காரணம் அலைந்து திரியும் சுபாவம் என்று எழுதுவோர் இந்த ஒரு வரியை நினைக்க வேண்டும்.

பட்டியல்களும் பெயர்களும்

அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-இல் நடந்தது. ஆனால் வர்ஜீனியா, கென்டக்கி இரண்டுக்கும் 1790, 1800 ஆகிய இரு கணக்கெடுப்புகளின் தாள்களும் ஏறத்தாழ முழுவதுமாக இன்று இல்லை. 1850-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே உண்டு. மற்றவர்கள் வயதுவாரியான எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்புவது 1782-இல் தொடங்கும் வரிப் பட்டியல். நிலத்துக்கு ஒரு பட்டியல். ஆட்கள், குதிரைகள், கால்நடைகளுக்கு இன்னொன்று. ஆண்டுதோறும் எடுக்கப்பட்டதால், அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு குடும்பம் வளர்வது தெரியும். 16 வயதைத் தாண்டிய மகன் முதலில் தந்தையின் பெயருக்கு எதிரே கூடுதல் எண்ணாகத் தோன்றுகிறான். 21 வயதானதும் தனிப் பெயராக வருகிறான். ஓராண்டில் தந்தையின் பெயர் இருந்த இடத்தில் தாயின் பெயர் வந்தால் தந்தை இறந்திருக்கிறார்.

இதே பட்டியல்களில்தான் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களும் சொத்தாக எழுதப்பட்டிருக்கிறார்கள். மலைப்பகுதியில் அடிமைமுறை இருந்ததில்லை என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பட்டியல்கள் அதை மறுக்கின்றன. தொடக்க ஆண்டுகளின் சில பட்டியல்களில் அவர்களின் முதற்பெயர் இருக்கிறது. பிறகு வெறும் எண்ணிக்கையாகிவிடுகிறது. 1850, 1860 கணக்கெடுப்புகளிலும் உரிமையாளர் பெயருக்குக் கீழே பெரும்பாலும் வயதும் பாலினமும் நிறமும்தான் உண்டு. அவர்களின் வழித்தோன்றல்கள் 1870 கணக்கெடுப்பிலிருந்து பின்னோக்கிச் செல்லும்போது, வேறொரு குடும்பத்தின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் புரட்டித்தான் தங்கள் மூதாதையரைத் தேட வேண்டியிருக்கிறது. ஆகவே ஓர் உயிலைப் படியெடுத்து வைக்கும் எவரும் அந்த முதற்பெயர்களை விட்டுவிடாமல் எழுத வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

சீனியர், ஜூனியர் என்ற சொற்களும் ஏமாற்றக்கூடியவை. 18-ஆம் நூற்றாண்டில் ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரில் மூத்தவரை சீனியர் என்றும் இளையவரை ஜூனியர் என்றும் எழுதினர். அவர்கள் சிற்றப்பனும் அண்ணன் மகனுமாகவோ, உறவே இல்லாதவர்களாகவோ இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். மருமகன் என்று பொருள்படும் சொல், மனைவியின் முதல் மணத்து மகனையும் குறித்தது. இத்தகைய இருவரைப் பிரித்தறிய நிலமே துணை: யாருடைய நிலம் எந்த ஓடையில், அதை எப்போது யாரிடம் வாங்கி யாருக்கு விற்றார் என்று தொடர்ந்து பார்த்தால் இருவரும் தனித்தனியே நிற்பார்கள்.

முதியவர்களின் வாக்குமூலம்

அந்தக் குடியேறிகளே பேசிய ஆவணம் ஒன்றும் உண்டு. 1832 ஜூன் 7 அன்று இயற்றிய சட்டம், விடுதலைப் போரில் பணியாற்றிய, அப்போது எழுபது எண்பது வயதைக் கடந்திருந்த முதியவர்களுக்கு ஓய்வூதியம் அளித்தது. பணியாற்றியதற்கு எழுத்துச் சான்று இல்லாதவர் திறந்த நீதிமன்றத்தில் நின்று, போர்த்துறை வகுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர், வயதுக்குச் சான்று உண்டா, படைக்கு அழைக்கப்பட்டபோது எங்கே வாழ்ந்தீர், போருக்குப் பின் எங்கெங்கே வாழ்ந்தீர், இப்போது எங்கே. 1780 அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மவுண்டன் போரில் நின்றவர்களும், கிளிஞ்ச் கரையின் சிறு கோட்டைகளில் காவல் காத்தவர்களும் இப்படித் தங்கள் வாழ்க்கையைச் சொல்லி, பலர் கைநாட்டாக ஒரு பெருக்கல் குறி இட்டுச் சென்றார்கள். அவர்களில் பலர் ஊர்ப்பெயரைச் சொல்லும்போது, அப்போது இன்ன கவுண்டி, இப்போது இன்ன கவுண்டி என்று இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.